‘தேவைப்பட்டால்’ வேலைகள்

அலுவலகத்தில் அவள் பெயரே தேதியம்மா. கட்டடம் கட்டும் கம்பெனியில் எந்த வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். மழை பெய்து வேலை நின்றாலும் உருளுவது என்னவோ அவள் தலைதான்.

அவளை அதிகம் படுத்தியவை ‘தேவைப்பட்டால்’ வேலைகள். வந்தாலும் வரும், வராமலும் போகும். அழித்துவிட்டால் முன்வேலைக்கும் பின்வேலைக்கும் தொடர்பு அறுந்து தேதிகள் கன்னாபின்னாவென்று ஓடும். அதனால் பூஜ்ஜிய நாள் என்று போட்டுவைப்பாள். வேலை பட்டியலில் இருக்கும். யாருடைய நாளையும் தின்னாது.

இப்போது கட்டுவது பள்ளிக்கூடம். இருபதாம் தேதி ஒப்படைத்ததும் மகளின் பிரசவத்துக்குக் கிளம்ப வேண்டும்; டாக்டர் இருபத்தைந்து வாக்கில் என்று சொல்லியிருந்தார். மகளின் பட்டமளிப்புக்குப் போகவில்லை. கல்யாணத்துக்கே முதல்நாள் சாயங்காலம்தான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தாள். இந்தத் தடவையாவது போயே தீருவது என்றிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மாடித் தண்ணீர்த்தொட்டி கசிந்தது. பூச்சு பூசி, காயவிட்டு, மறுபடி நிரப்பிப் பார்க்க ஒன்பது நாள். அட்டவணையில் அந்த மறுசோதனை ஒரு ‘தேவைப்பட்டால்’ வேலை; அதற்குப் பூஜ்ஜிய நாள்.

“அது அப்படியே இருக்கட்டும்மா,” என்றார் மேலாளர். “கேட்டா நான் சமாளிச்சுக்கறேன். நீங்களும் ஊருக்குப் போகணுமில்ல?”

அவளுக்கும் ஆசைதான். விரல் சும்மா இருந்தால் போதும்.

“தொட்டிக்குக் கீழ சின்னப் பசங்க வகுப்பு சார்,” என்று சொல்லி ஒன்பதைத் தட்டினாள். ஒப்படைக்கும் தேதி இருபத்தொன்பதுக்குத் தாவியது.

“அப்ப அதுவரைக்கும் நீங்க இருந்துதான் ஆகணும்,” என்றார் அவர், எழுந்துகொண்டே.

மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தாள். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று விழிப்பதற்குள் மகளே கேட்டாள்.

“லீவு கிடைக்கலையாம்மா? பரவாயில்ல. அத்தைகிட்ட நாலு மாசம் முன்னாடியே சொல்லி வச்சுட்டேன். அவங்க கூட இருப்பாங்க.”

“நான்தான் வரேன்னு சொல்லியிருந்தேனேடி!”

“சொன்னே. வந்தா சந்தோஷம்தான். நீ டென்ஷன் ஆகாதே.”

குரலில் பொட்டுக் கோபம் இல்லை. கோபித்திருந்தால் கெஞ்சியாவது பார்த்திருப்பாள். அம்மா வராமல் போனாலும் எதுவும் தள்ளிப்போகாதபடி மகள் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து முடித்திருந்தாள். அந்த ஏற்பாட்டில் தேதியம்மாவால் ஒரு குறைகூடச் சொல்ல முடியவில்லை.