மான் கடக்கும் இறக்கம்

1. டிரம்முக்குள் மயிர்

மானில் மோதிய வண்டி முதன்முதலாக என் பட்டறைக்கு வந்த அன்று, நாயில் மோதியிருக்கும் என்றுதான் நினைத்தேன். முன் சக்கரத்து பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் முரட்டு மயிர். நாய்க்கு அப்படி இருக்காது.

"நாயில்ல ஸயா, கடமான்" என்றார் வண்டியைக் கொண்டுவந்தவர். "எருமக் கன்னு ஒசரம். ஓட்டுன ஆளு ஆஸ்பத்திரியில கெடக்காரு. மானு எந்திரிச்சுப் போயிருச்சு."

பர்மாவில் வாத்தியாரையும் மெக்கானிக்கையும் ஸயா என்ற ஒரே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த மரியாதை எப்படிப் பொருந்தியது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வீடு யாங்கூனில், தின்கன்ஜூனில். நகரத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. ஆகவே மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டிப் பிழைக்கிற நான், முப்பது வருஷமாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். பட்டறை வடக்கே ஹ்லேகு தாண்டி, மலைக்கிராமங்களுக்குப் பிரியும் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலை மூங்கில் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே போகிறது. நெல் அறுத்ததும் வயலில் உளுந்து விதைப்பார்கள். உளுந்துக் கொழுந்தை மேய மான்கள் இருட்டோடு காட்டிலிருந்து வரும், விடியும் நேரம் காட்டுக்குத் திரும்பும். வியாபாரத்துக்குக் கிளம்புகிற ஆட்களும் அதே நேரத்தில்தான் அந்த வழியாக வருவார்கள்.

நாலைந்து வண்டிகள் வந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஓட்டியவர் சொல்வதைக் கேட்பதை விட்டுவிட்டு வண்டியைப் பார்ப்பேன். எல்லோரும் "பிரேக் பிடிக்கல" என்பார்கள். பிரேக் பிடித்திருந்தால் பின் டயரில் ஒரு இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கும். ஒடித்துத் திருப்பியிருந்தால் ஒரு பக்கத்து ஃபுட்ரெஸ்ட் மடங்கி, தார் உராய்ந்திருக்கும். திருப்பினவர்களுக்குத்தான் அடி அதிகம். ஒரு மானைத் தப்பிப் போய் அதன் பின்னாலேயே வந்த அடுத்த மானில் மோதியவர்களும் உண்டு. ஒரு மான் கடந்தால் இன்னொன்று வரும், நில்லுங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தமட்டில் நான் நல்ல ஸயாதான்.

2. நான் கொடுத்த யோசனை

பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பங்கில் காலையில் போய் நின்றால் மத்தியானம்தான் முறை வரும். ரோட்டோரத்தில் தண்ணீர் பாட்டிலில் விற்பதை வாங்கினால் பாதி மண்ணெண்ணெய். பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியில் என்ன கோளாறு என்று சொல்வதை விட்டுவிட்டு, "மைலேஜ் கூட்டிக் குடுங்க ஸயா" என்றே கேட்க ஆரம்பித்தார்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை எவ்வளவுதான் குறைக்க முடியும்?

காலையில் சாப்பிடும் மொஹிங்கா மீன்குழம்புக்குப் போடும் அரிசிச் சேமியாவை மலைக்கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்கிற பாண்டியும் கேட்டான். முப்பத்தைந்து வயது, சதா சிரித்த முகம். என் வாடிக்கைக்காரர்களில் என்னிடம் தமிழில் பேசுகிற மூன்று நாலு பேரில் அவன் ஒருவன். பின் சீட்டில் இரண்டு பெரிய மூங்கில் கூடை, ஹேண்டில்பாரில் இரண்டு பை. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால்தான் கிராமத்துக் கடைகள் அடுப்பு மூட்டும்போது போய்ச் சேரலாம்.

நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி சொன்னேன். "ஏன்டா, மலை ரோட்டுல மேடு ஏறினதும் ரெண்டு மைலுக்கு எறக்கம் இருக்கில்ல? உச்சியில நியூட்ரல்ல போட்டு சாவிய ஆஃப் பண்ணிரு. வண்டி சும்மாவே எறங்கும். அடியில போயி சாவிய ஆன் பண்ணி, செகண்ட்ல போட்டு கிளட்ச விடு, தானா ஸ்டார்ட் ஆயிரும்."

நம்பாமல் பார்த்தான். பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போய், நல்ல வெயிலில், அதே இறக்கத்தில் ஓட்டிக் காட்டினேன். இன்ஜின் சத்தம் இல்லாமல் வண்டி இறங்கியது. காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும்தான். "ஸயா, பறக்குற மாதிரி இருக்கே!" என்று கத்தினான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் மலைச்சாலையில் ஓடுகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். டீக்கடையில் என்னைக் காட்டி, "நம்ம ஸயா சொன்ன வழி" என்று பேசிக்கொண்டார்கள். காசு வாங்காமல் ஊருக்கு ஒரு உபகாரம் செய்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நான் ஓட்டிக் காட்டியது பகலில். அந்தச் சின்ன வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் வராது, இன்ஜின் சுற்றினால்தான் வெளிச்சம். சாவியை ஆஃப் பண்ணினால் லைட் போகும், ஹாரன் போகும். மான் காதில் விழ வேண்டிய இன்ஜின் சத்தமும் போகும். இது தெரியாத மெக்கானிக் உலகத்திலேயே கிடையாது. எனக்கும் தெரியும். வாயைத் திறந்தபோது பெட்ரோலைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன்.

3. சாவி

பனிக்காலத்தில் ஒரு நாள் காலை பாண்டியின் வண்டியை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பாண்டி வரவில்லை. இறக்கத்தின் நடுவில் கடமானில் மோதி விழுந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனான் என்றார்கள். வண்டிக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி மல்லிகா இன்னொரு வண்டியில் வந்து இறங்கினாள். புடவை முந்தானையில் சேமியா மாவு அப்படியே இருந்தது.

வழக்கம்போல நான் வண்டியைப் பார்த்தேன். முன் ஃபோர்க் நேராகப் பின்னால் மடிந்திருந்தது. பின் டயரில் தட்டையாகத் தேய்ந்த இடம் இல்லை. ஃபுட்ரெஸ்ட் இரண்டும் நல்லபடியாக இருந்தன. அவன் பிரேக் பிடிக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை, மானைப் பார்க்கவே இல்லை. கியர் நியூட்ரலில் இருந்தது. சாவி ஆஃபில் இருந்தது.

"அவரு தூங்கிட்டாருங்குறாங்க ஸயா" என்றாள் மல்லிகா. "எங்க மாமனாரு குடிச்சிருப்பான்கிறாரு. அவரு குடிக்க மாட்டாரு, ஒங்களுக்கே தெரியும். நாந்தான் ராத்திரி பூரா மாவாட்ட வச்சேன். தூக்கத்துல விட்டுட்டாரா? நீங்க வண்டியப் பாத்தா சொல்லுவீங்களாமே."

என் கை சாவியின் மேல் இருந்தது. ஆன் பக்கம் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திருப்பலாம் என்று நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "தூங்கலம்மா" என்றேன். "சாவி ஆஃப்ல இருக்கு. எறக்கத்துல அணைச்சிருக்கான். லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல. அப்படி ஓட்டச் சொல்லிக்குடுத்தவன் நாந்தான்."

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாவியைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லலேன்னாலும் வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க ஸயா" என்றாள். "வண்டிய சரி பண்ணிக் குடுங்க. இனிமே நாந்தான் ஓட்டணும்."

4. பரிகாரம்

ஃபோர்க்கை நேராக்கி வண்டியைக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். ஹெட்லைட் வயரை மாற்றி பேட்டரிக்குக் கொண்டுபோய், ஹேண்டில்பாரில் தனி ஸ்விட்ச் வைத்தேன். இனி இன்ஜின் நின்றாலும் லைட் எரியும். அதே வேலையை மலைச்சாலைக்குப் போகிற மற்ற வண்டிகளுக்கும் கூலி வாங்காமல் செய்தேன். ஒவ்வொருவரிடமும், "எறக்கத்துல அணைக்காதீங்க, நான் சொன்னது தப்பு" என்று சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மல்லிகாவும் ஆட்டினாள்.

மூன்று மாதம் கழித்து, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று மல்லிகா வந்தாள். டிரம்மைக் கழற்றினேன். நான் புதிதாகப் போட்டுக் கொடுத்த பிரேக் ஷூ, தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஒரு வருஷம் வர வேண்டிய ஷூ அது. கியரில் இறங்குகிற வண்டியை இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மைலும் பிரேக்கிலேயே இறங்கினால்தான் ஷூ இப்படிப் போகும்.

"மல்லிகா, எறக்கத்துல அணைக்கிறியா?"

அவள் மறைக்கவில்லை. "அணைக்காம எப்படி ஸயா? அன்னன்னைக்கு வாங்குற பெட்ரோலு போயி வரப் பத்தல. அதான் நீங்க மாத்திக் குடுத்துட்டீங்களே. அணைச்சாலும் லைட்டு எரியுதே."

பேட்டரி வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது, பனியில் அதுவும் மஞ்சளாகக் கலங்கித்தான் தெரியும். வெளிச்சம் பட்ட மான் ஓடாது, அப்படியே நிற்கும். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லதுக்குத்தான் சொல்றீங்க ஸயா" என்றாள். "மெதுவாத்தான் எறங்குறேன். அவரு விழுந்த எடம் வந்ததும் வாயால சத்தம் குடுத்துக்கிட்டே போறேன். ஓ ஓன்னு. மானுக்குக் கேக்குமில்ல?"

புது ஷூ போட்டு, கேபிளை இழுத்துக் கட்டி, இரண்டு முறை ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன். மற்ற வண்டிகளின் டிரம்மையும் அந்த வாரமே கழற்றிப் பார்த்தேன். எல்லாம் அதே கதைதான். நான் வைத்துக் கொடுத்த ஸ்விட்சை நம்பி எல்லோரும் முன்னைவிடத் தைரியமாக அணைத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் இன்ஜினை அணைக்கச் சொல்லாதீர்கள். தெரிந்தவரிடமும் சொல்லாதீர்கள், விளையாட்டுக்கும் ஓட்டிக் காட்டாதீர்கள். ஒரு தரம் வாயிலிருந்து போனதை நான் முன்னூறு தரம் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. பெட்ரோல் இல்லாத ஊரில் அது நல்ல யோசனையாகவே இருந்துகொண்டிருக்கிறது.

இப்போது மறுபடியும் உளுந்து முளைத்திருக்கிறது. விடிகாலையில் தின்கன்ஜூன் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மணியைப் பார்க்கிறேன். ஐந்தரை. மல்லிகா இறக்கத்தின் உச்சிக்கு வந்திருப்பாள். நியூட்ரலில் போட்டு, சாவியை ஆஃப் பண்ணி, வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்திருப்பாள்.