செபாஸ்தியம்மாளின் மிலிட்டரி லாரி

ஞாயிறு பூசையில் செபாஸ்தியம்மாள் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அவள் மேல் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். சீயக்காய் போட்டாலும், எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தாலும் போகாத வாடை. நற்கருணை வாங்க எழுந்து போகும்போது, நகக்கண்ணில் இருக்கிற கிரீஸ் சாமியார் கண்ணில் படாமல் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். நாகல் நகரில் அவளுக்கு மெக்கானிக்கம்மா என்று பேர். பேர் வைத்தது எதிர்வீட்டுக் கருப்பம்மாள்.

"ஏ மெக்கானிக்கம்மா, எங்க வீட்டு கிரைண்டரும் ஓடமாட்டேங்குது. அதுக்கடியிலயும் செத்த நேரம் வந்து படுத்து எந்திரியேன்" என்பாள் கருப்பம்மாள்.

தெருக்குழாயில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். செபாஸ்தியம்மாளும் சேர்ந்து சிரிப்பாள். லாரிக்கடியில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் குழாயடியில் நின்றா சொல்ல முடியும்?

அவள் புருஷன் சவரிமுத்து பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். கொசவபட்டியில் கல்யாணம் முடிந்த கையோடு ரயிலேறியவர், அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு லீவு. லீவில் விருந்தாளி மாதிரி வருவார், விருந்தாளி மாதிரியே போவார். கூடவே ஒரு டிரங்குப் பெட்டியும் ரம் பாட்டிலும் வரும். ஊர் ஆம்பளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு பனிமலைக் கதை கேட்பார்கள். கதையெல்லாம் அவர்களுக்கு. அவளுக்கு மிச்சமானது குறட்டை மட்டும்.

அந்த வருஷங்களில் ஒரு பையன் பிறந்தான். நடை பழகுகிற வயசில் காய்ச்சலில் போய்விட்டான். தந்தி போய், லீவு கிடைத்து, ரயில் மாறி ரயில் மாறி அவர் வந்து சேர்ந்தபோது குழிமேட்டில் புல் முளைத்திருந்தது. கல்லறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து சாப்பிட்டார். பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஓய்வு பெற்று ஒரேயடியாக வந்துவிட்டார். நாகல் நகர் ஓரத்தில் ஒரு வீட்டை வாங்கிக் குடி வந்தார்கள். இனிமேலாவது பேசுவதற்கு வீட்டில் ஓர் ஆள் இருக்கும் என்று அவள் நினைத்தாள். அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தார், சாயங்காலமும் பார்த்தார். கேட்டால் பதில் வரும். பதிலுக்கு மேலே ஒரு சொல் வராது.

"சோறு போடவா?"

"ம்."

"வெஞ்சனத்துக்கு என்ன வைக்க?"

"என்னமும் வையி."

இந்த 'என்னமும்' என்கிற சொல்லோடுதான் அவள் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினாள்.

அப்புறம் ஒருநாள் சிறுமலை அடிவாரத்திலிருந்து ஒரு லாரியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் விட்ட மூன்று டன் லாரி. மரம் ஏற்றி ஏற்றி ஓய்ந்து, மரக்கடைக்காரன் ஒருவனுடைய புளியமரத்தடியில் கிடந்தது. கதவு இல்லை. சீட்டு இருந்த இடத்தில் கோழி அடைகாத்த கூளம். பானெட்டுக்குள்ளிருந்து ஓர் எருக்கஞ்செடி எட்டிப் பார்த்தது. வீட்டை ஒட்டி நின்ற முருங்கையை வெட்டிச் சாய்த்து, தகரக் கொட்டகை போட்டு, லாரியை உள்ளே தள்ளினார்.

"இத வச்சு என்ன செய்யப் போறீக?"

"ஓட வைக்கப் போறேன்."

"ஓடி?"

"ஓடும்."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கவனிக்காத ஆளிடம் எத்தனை நாளைக்குக் கோபித்துக்கொள்வது? விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் கொட்டகைக்குள்ளிருந்து "ஏ புள்ள" என்று சத்தம் வந்தது. வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். போய்ப் பார்த்தால் லாரிக்கடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடக்கிறார். ஒரு போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை ஒன்று வேண்டியிருந்தது.

"உள்ள வா. இதப் பிடி. சுத்த விடாத."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊர்ந்து போனாள். நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தார்கள். ஊறுகிற வரைக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார். அவளைப் பார்த்து அல்ல, மேலே தெரிந்த இரும்பைப் பார்த்து.

"லடாக்குல விடிஞ்சு வந்து பாத்தா என்ஜின் கல்லு மாதிரி கெடக்கும் புள்ள. அடியில கரியடுப்பு வச்சுச் சூடு காட்டணும். பிள்ள பெத்தவளுக்கு ஒத்தடம் குடுக்கிற மாதிரி. ஒருக்கா ஒரு பஞ்சாபிக்காரன் மீசையப் பொசுக்கிக்கிட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லில் புகையிலைக் கறை தெரிந்தது. அவருக்கு அந்தப் பக்கத்துக் கடவாய்ப்பல் இல்லை என்பதையே அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மறுநாள் கூப்பிடாமலே போய்ப் படுத்தாள்.

அந்தப் பேச்சு லாரிக்கடியில் மட்டும்தான். வெளியே வந்து கை கழுவினால் பேச்சும் சேர்ந்து கழுவிக்கொண்டு போய்விடும். சோற்றுத் தட்டுக்கு முன்னால் மறுபடி அதே மனுஷன், அதே ம். ஆகவே அவள் லாரிக்கடியிலேயே குடியேறினாள். பிரேக் டிரம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வால்வுகளுக்குத் தேய்ப்புப் பசை தடவி, உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் கம்பை வைத்து, மோர் கடைகிற மாதிரி உருட்டி உருட்டிப் படிய வைத்தாள். "இது பட்டாளத்துக்குப் போயிருக்க வேண்டிய கையி" என்றார் ஒருநாள். அந்த ஒரு வார்த்தையை அவள் ரொம்ப நாள் வைத்துத் தின்றாள்.

வேலை சீக்கிரம் முடிந்துவிடுமோ என்ற பயமும் அப்போதுதான் பிடித்தது. சில நாள் ஒரு நட்டையோ வாஷரையோ எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். இரண்டு பேரும் மண்ணில் தவழ்ந்து தேடுவார்கள். தேடுகிற நேரமெல்லாம் பேச்சு நடக்கும். பேச்சு ஓய்கிற மாதிரி தெரிந்தால் "இந்தா கெடக்கு பாருங்க" என்று எடுத்து நீட்டுவாள்.

ஐப்பசி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்த ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"கடசி நாளு நம்ம பய ஒங்களத்தான் கேட்டான். ஒங்க போட்டோவ எடுத்துக் குடுத்தேன். அத நக்கிப் பாத்தான். காஞ்ச வாயில்ல, கண்ணாடி குளுகுளுன்னு இருந்திருக்கும் போல."

அவர் கை நின்றது. மழை கொஞ்சம் நின்று, மறுபடி பெய்தது. மண்ணெண்ணெய்ச் சொட்டு ஒன்று அவர் கழுத்தில் விழுந்து ஓடியது, துடைக்கவில்லை.

"பதினாலாம் நம்பரக் குடு" என்றார்.

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். இன்னும் எவ்வளவோ வேலை கிடக்கிறது, இன்னொரு நாள் பேசுவார் என்று மனசை ஆற்றிக்கொண்டாள். பையனைப் பற்றி அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் போதும். அதற்காக எத்தனை லாரிக்கடியிலும் படுத்துக்கிடக்கலாம்.

இரண்டாயிரத்தொன்றில் என்ஜின் உயிர் பிடித்தது. தெருவே கூடி நின்று புகையில் இருமியது. கருப்பம்மாள்கூடக் கேலியை மறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெயிண்ட் அடிக்கப் பேகம்பூரிலிருந்து பக்ருதீன் வந்தார். நெளிவெடுத்து, பட்டி பார்த்து, என்ன கலர் என்று கேட்டார்.

"பட்டாளத்துப் பச்ச."

"அண்ணே, அந்தக் கலரு நம்மள மாதிரி ஆளுக வண்டிக்கு ஆகாது. மிலிட்டரி தவிர யாரும் அடிக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஆர்.டி.ஓ. ஆபீசுல நிப்பாட்டிருவாங்க."

"நான் யாரு?"

"நீங்க பென்சன் மிலிட்டரிண்ணே. வண்டியும் பென்சன் வண்டி. பேசாம ரெண்டு பேருக்கும் வெள்ளையடிச்சு விட்ருவோம்."

பக்ருதீன் மட்டும் சிரித்தார். சவரிமுத்து எழுந்து உள்ளே போய்விட்டார். தான் ஓய்வு பெற்றுவிட்டதை இந்த மனுஷன் இன்னும் நம்பவில்லை என்பது செபாஸ்தியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. பச்சையைத்தான் அடித்தார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டப் போகிற அன்று அவள் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்க?" என்றார்.

"நானும் வாரேன்."

"ஆம்பளைக போற எடத்துல நீ எதுக்கு?"

அவள் தேங்காய்நார் அடைத்து, கோணி ஊசியில் தைத்த சீட்டில் பக்ருதீன் ஏறி உட்கார்ந்தார். தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடின. புழுதி அடங்கிய பிறகு அவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு சட்டி கழுவினாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வண்டி அருமையாக இருக்கிறது, கலரை மட்டும் மாற்றிக்கொண்டு வாருங்கள், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று. சவரிமுத்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டு, பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

முதலில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். லாரி எங்கேயும் போகாது. ஆனால் அவர் அதற்கடியில் போகவில்லை. போவதற்கு வேலை இல்லை. எல்லா நட்டும் முறுக்கியாயிற்று.

"பின்னாடி ஸ்பிரிங் பட்டாவுல ஏதோ சத்தம் வருதுன்னீகளே, பாப்பமா?"

"அதுல ஒரு சத்தமும் இல்ல."

ஒரு வருஷம் போயிற்று. ரோடும் அவரும். அவள் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தாள். ஓடுகிற வண்டிதான் ரிப்பேராகும். ரிப்பேரானால் கீழே படுத்துத்தான் ஆகவேண்டும். ஓட வேண்டுமென்றால் கலர் மாற வேண்டும். பொங்கல் கழித்து அந்தோணியார் திருவிழாவுக்கு அவர் கொசவபட்டி போய் நாலைந்து நாள் தங்கியபோது, அவள் பேகம்பூருக்கு ஆள் அனுப்பினாள்.

பக்ருதீன் டப்பாவைத் திறக்காமல் நின்றார். "அக்கா, அண்ணங்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா என்னமும் செய்யிம்பாரு. நீங்க அடிங்க தம்பி."

நீல நிறம் அடித்தார்கள். மாதா சேலை நீலம். அவளே நின்று பார்த்து வாங்கியது.

சவரிமுத்து பையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். கிட்டே போய் விரலால் தொட்டார். சரியாகக் காயவில்லை. விரலில் ஒட்டிய நீலத்தை வேட்டியில் துடைத்தார்.

"யாரு கேட்டா ஒன்னய?"

"ஓடணும்னு தானங்க..."

"மொத நாள்ல இருந்தே இது மேல கருவிக்கிட்டுத்தான இருந்த? இப்ப குளுந்துச்சா?"

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. லாரிக்கு வெளியே நின்று அவரோடு பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "சாப்பிட வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கொட்டகைப் பக்கமே திரும்பவில்லை. நீல லாரியின் மேல் தூசி படிந்து படிந்து, அது என்ன நிறம் என்றே தெரியாமல் போயிற்று. நால்வழிச் சாலை வந்தபோது முகேஷ்குமார் என்கிற இளவட்டம் அதன் ஓரத்தில் ஒரு ஹோட்டல் திறந்தான். வாசலில் காட்சிக்கு வைக்கப் பழைய மிலிட்டரி லாரி ஒன்று தேடிக்கொண்டிருந்தான். சவரிமுத்து கொடுத்துவிட்டார். அவளிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. கிரேன் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

சிமெண்டு மேடை கட்டி, லாரியை அதில் ஏற்றி, சக்கரங்களைக் கம்பியால் இறுக்கினார்கள். பாரம் அதிகம் என்று என்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். வால்வுகளும் அதோடு போயின. ரோட்டில் ஓடாத லாரி என்ன நிறத்தில் இருந்தால் யாருக்கு என்ன? மறுபடியும் பட்டாளத்துப் பச்சை அடித்தார்கள்.

சவரிமுத்துவையும் முகேஷ்குமார் கூப்பிட்டுக்கொண்டான். காக்கிச் சட்டை, சாய்த்து வைத்த தொப்பி. லாரியைப் பார்க்க வருகிற குடும்பங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வது, கேட்டால் கதை சொல்வது. அதுதான் வேலை. ஹோட்டல் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானச் சோற்றை டவுன் பஸ்ஸில் செபாஸ்தியம்மாள் கொண்டுபோனாள்.

தூக்குவாளியோடு அவள் போய் நின்ற ஒருநாள், காரில் வந்த ஒரு குடும்பம் லாரியைச் சுற்றி நின்றது. குழந்தைகள் சீட்டில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. சவரிமுத்து பேசிக்கொண்டிருந்தார். பனிமலை, கரியடுப்பு, பஞ்சாபிக்காரன் மீசை. கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, ஆளே வேறாக இருந்தார்.

"இத யாரு சார் இவ்வளவு அழகா ரெடி பண்ணா?" என்று கேட்டான் கார்க்காரன்.

"நாந்தான். வருஷக்கணக்கா. ஒத்த ஆளா கட்டுனேன்."

"ஹெல்ப்புக்கு யாரும் இல்லையா?"

"நமக்கு யாரு இருக்கா தம்பி? பெத்தது ஒண்ணு. அதுவும் நான் பனியில கெடக்கையில போயிருச்சு. மூஞ்சியக்கூடப் பாக்கக் குடுத்து வைக்கல. அவன் இருந்திருந்தா இந்நேரம் இந்த வண்டிய ஓட்டியிருப்பான்."

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கார்க்காரனுடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அவள் பின்னால் நின்ற செபாஸ்தியம்மாளைப் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

"வீட்டுல. சோறு கொண்டாந்திருக்கு."

செபாஸ்தியம்மாள் தூக்குவாளியை மேடையில் வைத்தாள். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். அவள் ரோட்டைக் கடந்து, வந்த பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாளிலிருந்து அவள் சோறு கொண்டுபோகவில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.