ஈரம் இல்லாதவள்

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சமையல் கூடத்தைத் தாண்டினால் சலவைக்கூடம். அங்கே வேலை பார்த்தவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. கொதிநீர்த் தொட்டிகளின் ஆவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை அலசிப் பிழிந்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அடுக்குவாள். விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்துக் கிடக்கும்.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் மேல்மாடி மனநல டாக்டர் சொன்னார்: "உங்க மனசுல ஈரம் இல்லம்மா."

மகனுக்கு அப்போது நாலு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஜன்னல் கம்பியைச் சுண்டிவிட்டு, அது அதிர்ந்து அடங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பான். தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்து அலறுவான். காது மந்தமோ என்று சோதித்தார்கள்; குறையே இல்லை, பாம்புச் செவி என்றார்கள். அதன் பிறகுதான் மேல்மாடிக்கு அனுப்பினார்கள்.

டாக்டர் மகனை அதிகம் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் பெற்றாளா? மடியில் போட்டுக் கொஞ்சினாளா? எப்போது வேலைக்குத் திரும்பினாள்? எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பச்சை உடம்போடு வேலைக்கு வந்துவிட்டதையும் மறைக்கவில்லை. டாக்டருக்கு அது போதுமாக இருந்தது.

"தாய்கிட்ட அன்பு கிடைக்காத பிள்ளை உள்ளுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கும். உங்க பையன் சாத்திக்கிட்டான்."

வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மின்கம்பம் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன். அதிகம் பேசாத மனுஷர். படி இறங்கும்போது அலறிக்கொண்டிருந்த மகனை அவள் இடுப்பிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். தோளில் போட்டுக்கொண்ட மனுஷரை என்ன சொல்வது?

மீதியை நாத்தனார் பேசித் தீர்த்தாள். "நானா சொல்றேன்? படிச்ச டாக்டரே சொல்லிட்டாரு." கல்யாண வீடு, துக்க வீடு, எங்கே போனாலும் அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாளில் அவள் போவதையே விட்டுவிட்டாள்.

டாக்டர் சொன்னபடி தினமும் மகனை இறுக்கி அணைத்துப் பார்த்தாள். அவன் அவள் தோளைக் கடித்தான். இவளுக்கு அழுகை வந்தது, அவனுக்கு வெறி வந்தது, கடைசியில் இருவரும் ஆளுக்கு ஒரு மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பார்கள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று அவளாகவே முடிவு செய்தாள். ஒன்றைக் கெடுத்தது போதும் என்று நினைத்தாள்.

வாரம் தவறாமல் அந்த டாக்டரின் வெள்ளை அங்கி சலவைக்கு வரும். அவள்தான் இஸ்திரி போடுவாள். காலரை ஒருநாளும் தீய்த்ததில்லை. தீய்த்தால் என்ன என்று நினைத்த நாட்கள் உண்டு.

பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்காவது விடுதியில் விட்டுவிடச் சொன்னவர்கள் உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள். அவருக்குப் பகல் வேலை. அவள் இரவு முறை வாங்கிக்கொண்டாள். வாசலில் மகனைக் கை மாற்றிக்கொள்ளும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சாப்பிட்டானா?" "சாப்பிட்டான்." அதுதான் அவர்கள் குடித்தனம். ஓய்வு பெற்ற மறுவருஷம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் மனசில் என்ன இருந்தது என்று அவள் கேட்டதே இல்லை. நாத்தனாரும் போய்ச் சேர்ந்தாள்.

மகனுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தபோது பல்வலி வந்தது. பல் டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். அவர் வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். சின்னப் பெண். விளக்கைக் குறைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து, அவனாக வரட்டும் என்று காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "இது ஆட்டிசம்மா. மூளை அமையுற விதமே வேற. பிறக்கும்போதே இருக்கிறது."

"தாய் மனசுல ஈரம் இல்லன்னா வருமா டாக்டர்?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா அப்படிச் சொன்னாங்க? அது தப்புன்னு எப்பவோ தெரிஞ்சுபோச்சே."

"எப்பவோன்னா?"

"நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே."

வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. புருஷன் இல்லை, நாத்தனார் இல்லை. குற்றம் சொன்னவர்களில் உயிரோடு இருந்தவர் அந்த மேல்மாடி டாக்டர் ஒருவர்தான். பழைய வார்டு ஆயாவிடம் விசாரித்து, மகனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள்.

டாக்டர் ஒடுங்கிப்போயிருந்தார். காதில் கருவி. யாரென்று தெரியவில்லை. சலவைக்கூடம் என்றதும் மரியாதைக்குத் தலையாட்டினார். சொல்ல வந்ததைச் சொன்னாள், அந்த வார்த்தையை அப்படியே.

"அப்படியா சொன்னேன்?" என்றார். மகன் திரைச்சீலை வளையங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தான். அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னிக்கு எங்களுக்குப் சொல்லிக்கொடுத்தது அதுதாம்மா. எல்லாத் தாய்மாருக்கும் அதையேதான் சொன்னேன்."

"எல்லாருக்குமா?"

"நிறையப் பேருக்கு."

சண்டை போடத்தான் வந்திருந்தாள். அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் அந்த வார்த்தை தனக்கென்றே அளந்து தைத்த சட்டை என்று நினைத்திருந்தாள். அதே மேல்மாடிப் படியில் வேறு பெண்களும் அதைச் சுமந்துகொண்டு இறங்கியிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில்கூட ஒருத்தி இருந்திருக்கலாம்.

"அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க டாக்டர்?"

"தெரியலம்மா." பிறகு, "மன்னிச்சுக்குங்க," என்றார். அவள் சரி என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மகன் உரக்க முனகிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடினான். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். "ஆட்டிசமா ஆன்ட்டி? எங்க கிளாஸ்லயும் ஒருத்தர் இருக்காரு. ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லுங்க, சத்தம் கொஞ்சம் குறையும்." சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் கைபேசியில் இருந்தார்கள். "இவன் பிறவியிலேயே இப்படி, நான் ஒண்ணும் பண்ணல" என்று சொல்ல அவளுக்கு இப்போது பதில் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. மகன் கண்ணாடியில் நெற்றியை வைத்து அதிர்வில் லயித்திருந்தான். அவன் மேல் இடிக்காமல், நடுவில் ஒரு கை இடம் விட்டு, இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.