ஒட்ட மறுத்த இரும்பு

அந்த இரும்பு முனகியது...

இன்றைக்கும் அந்தச் சத்தத்தை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒட்டுவதற்கு ஆர்க் பொறி பிடித்தவுடன் இரும்பின் உள்ளுக்குள்ளிருந்து மெல்லிதாக, இழுத்து இழுத்து வரும். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

ஏறாவூரில் வாவிக்கரையோரப் பட்டறையில் நானும் நஸீரும் ஒன்றாக வெல்டிங் வேலை பார்த்த காலம் அது. உச்சி வெயில். காற்றே இல்லை. வாவியில் சின்ன அலைகூட இல்லை.

வாவியில் மீன்பிடிக்கும் பத்தண்ணன், தன் வள்ளத்தில் என்ஜின் பூட்டுவதற்கென்று பழைய இரும்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வெறுமையான சதுரக் குழாய், பொக்ஸ் பாரில் செய்தது. ஒரு மூலையில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. ஒட்டு பலமில்லை என்றால் நடுவாவியில் என்ஜின் கழன்று விழும். ஆளுக்கும் ஆபத்து.

டிக் வெல்டிங் மெஷினில் ஒட்டினேன். ஒட்டு முழுக்க ஊசி குத்தியது போலத் துளைகள். சுத்தியலால் ஒரு தட்டுத்தான்... பிஸ்கட் மாதிரி உடைந்தது.

முதலில், ஒட்டில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கன் காஸைத்தான் சந்தேகித்தோம். ஹோஸில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தோம். பொறி பிடிக்கும் டங்ஸ்டன் முனையைப் புதிதாகத் தீட்டினேன். அதே காஸ், அதே கம்பியால் நஸீர் ஒரு துண்டுத் தகட்டில் ஒட்டிப் பார்த்தான். பளபளவென்று வந்தது.

"காஸில பிழையில்ல மச்சான். இந்த இரும்புலதான் என்னமோ இரிக்கு."

பெயின்டையும் துருவையும் கிரைண்டரால் வெள்ளையாகும் வரை எடுத்தோம். மறுபடியும் ஒட்டினேன். மறுபடியும் முனகல். இந்தமுறை ஒரு துளையில் பழுப்பாக ஒரு குமிழி வந்து உடைந்தது. வாவியின் அடிச்சேற்று நாற்றம்...

நஸீர் வாய்க்குள் எதையோ ஓதினான். நானும் இரண்டடி பின்னால் போனேன்.

பத்தண்ணன் மட்டும் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே தண்ணீர் நிற்கிறது, அது ஆவியாகி ஒட்டைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்று அப்போதுதான் விளங்கியது. சூடு ஆறவிட்டு அடியில் ஒரு துளை போட்டோம். கறுப்பாக ஊற்றியது. ஒரு குழாய்க்குள் இவ்வளவு தண்ணீரா என்று நினைக்கும் அளவுக்கு வந்துகொண்டே இருந்தது.

பத்தண்ணன் எழுந்து வாளியை அதன் கீழே வைத்தார்.

"இது எண்ட தம்பிர வள்ளத்துச் சட்டம். வள்ளம் வாவிக்கடியில தாண்டு கிடந்துதான் எடுத்த. அவன் கிடைக்கல்ல."



கடைசிச் சொட்டு வரை காத்திருந்து, வாளியைக் கரைக்குக் கொண்டுபோய் மெதுவாக ஊற்றினார். குனிந்து ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. அசையாமல் கிடந்த வாவியில், கொஞ்சத் தூரத்தில், ஒரே ஒரு வளையம் விரிந்தது. மீனாகத்தான் இருக்கும். நஸீரும் பார்த்தான்.

குழாயை நெருப்புக் காட்டிக் காயவைத்து, ஆவி போகத் துளையைத் திறந்தபடியே விட்டு ஒட்டினேன். சத்தமில்லை. துளையுமில்லை. பெரிய சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. பத்தண்ணன் அந்த மூலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அதன் பிறகு எத்தனையோ நாள் அந்தச் சட்டத்தோடு அவர் வள்ளம் எங்கள் கரையைக் கடந்து போயிருக்கிறது.

இப்போது எனக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய கப்பல் யார்டில் வேலை. இரும்பெல்லாம் புதிது, ஸ்டிக்கரோடு வரும். ஒட்டில் துளை விழுந்தால் எக்ஸ்ரே படம் எடுத்துக் காரணம் சொல்ல ஆள் இருக்கிறது. இரும்பைக் கொண்டுவந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் இல்லை...

ஒட்டி முடித்ததும் கிரேன் தூக்கிக்கொண்டு போகிறது. எந்தக் கடலுக்கு என்றுகூட எங்களுக்குத் தெரிவதில்லை.