அண்ணன் திரும்பிப் போகாத மைதானம்

மழையில் ஊறிய தோல் கால்பந்தின் புளித்த நாற்றத்தோடுதான் இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவை மைதானம் இன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்காரத் துரைமார் மட்டும் ஆடிக்கொண்டிருந்த அந்த இடம், சுதந்திரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மே தினக் கூட்டம், தேர்த் திருவிழாக் கடைகள், கூடாரம் போட்டுக் காட்டிய படம் எல்லாம் அங்கேதான். ஆனாலும் நாங்கள் அதைப் "பந்துத் தெடல்" என்றே சொன்னோம். தோட்டத்துக்குத் தோட்டம் மோதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் குடியிருந்த லயங்களே காலியாகிவிடும்.

எங்கள் தோட்டத்து அணியில் என் அண்ணன் இராமையா பின்னால் நின்று தடுப்பவர். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பக்கத்துத் தோட்டத்து அந்தோணி பந்தோடு ஓடி வந்ததையும், அண்ணன் குறுக்கே பாய்ந்ததையும், அந்தோணி எழுந்திருக்காமல் கிடந்ததையும் பார்த்தேன். கொழுந்துச் சாக்கில் கிடத்தி அவரைத் தூக்கிப் போனார்கள். ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். நானும் கை தட்டினேன்.

அந்தோணியின் ஒடிந்த கால் கோணலாகவே கூடியது. சரிவில் நின்று தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட இனி முடியாதென்று அந்தோணியைத் தோட்டத்தில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கங்காணி முதல் எங்கள் அப்பா வரை எல்லோரும் "வெளையாட்டுல நடக்கறதுதான்" என்று அண்ணனைத் தேற்றினார்கள். அவர் தேறவில்லை. தினமும் வேலை முடிந்ததும் மலையேறிப் போய் அந்தோணி வீட்டுக்கு விறகு பிளந்து போட்டார், மரக்கறிப் பாத்தி கொத்தினார். திடல் பக்கம் மட்டும் போகவேயில்லை. சில நாள் என்னையும் கூட்டிப் போவார். அப்படித் திரும்பும் வழியில் ஒருநாள், ஏன் இப்போது ஆடுவதில்லை என்று கேட்டேன்.

"பந்து தாண்டிப் போனது எனக்குத் தெரியும் பாப்பா. தெரிஞ்சுதான் கால விட்டேன்."

அதன் பிறகு அந்தோணியின் மனைவி ஊற்றித் தந்த தேத்தண்ணியை நான் ஒருநாளும் குடித்து முடிக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில், இரு நாட்டு ஒப்பந்தப்படி தோட்டத்துத் தமிழரை அனுப்பத் தொடங்கியபோது, அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. ஹட்டன் ஸ்டேஷனில், ரயில் வருவதற்குள், அண்ணன் தலை குனிந்தபடி அதை அந்தோணியிடம் சொல்லிவிட்டார். அந்தோணி மூட்டைகளைச் சரிசெய்வதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே. ஒங்க மொகத்தப் பாத்தேனே."

அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார் அண்ணன்.

"கேட்டிருந்தா நீங்க வராமப் போயிருப்பீங்க. எங்களுக்கு ஒரு ஆள் வேணுமில்ல."

இப்போது மைதானத்தைச் சுற்றிச் சிமெந்துப் படிகளும் இரும்பு வேலியும் வந்துவிட்டன. அன்று மோதிய தோட்டத்து அணிகளில் பல, ஆடுகிறவர்கள் கப்பலேறிப் போனதில் கலைந்தே போயின. அண்ணன் சாகும்வரை, பஸ்ஸில் மைதானம் தெரியும் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை. நானும் உட்காருவதில்லை.