பால் மட்டும்தான் கொடுத்தேன்

“புள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க?” என்று தாதி கேட்டார்.

“பால் மட்டும்தான் மிஸ்” என்றேன். அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவள் நான். மாமியார் சீனித் தண்ணீரும் கரண்டியுமாக வந்தபோது அந்தக் கரண்டியைப் பறித்து அலுமாரிக்கு மேல் போட்டவள். எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் பெயர்.

மகள் மடியில் துவண்டு கிடந்தாள். முதல் நாள் பின்னேரம் தொடங்கிய தூக்கம், விடிந்தும் கலையவில்லை. மார்பில் வைத்தால் வாய் மெல்ல அசையும், இரண்டு இழுவை இழுப்பாள், மறுபடி தலை சரியும். டொக்டர் ஒரு சிங்களப் பெண், வயதில் எனக்கு அக்கா மாதிரி. பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். பிள்ளை அழவில்லை. டொக்டரின் முகம் மாறியது.

“அம்மா என்ன சாப்புட்டீங்க எண்டு டொக்டர் கேக்குறா” என்றார் தாதி.

“சோறும் மீனும்.”

அதுதான் பொய்.

அது சோளகக் காற்றுக் காலம். காற்று எழும்பிவிட்டால் எங்கள் கரையில் வள்ளம் இறக்க முடியாது. மீன் பிடிக்கிற ஊரில் மீன் இல்லாமல் பாணும் பருப்பும் சம்பலுமாக நாட்கள் போகும். பிள்ளை பெற்ற பிறகு பத்தியம் என்று காரம் இல்லாமல், உப்பு இல்லாமல் சாப்பிட்டு என் நாக்கே செத்துப்போயிருந்தது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் மிட்வைஃப் என் கண்ணை இழுத்துப் பார்த்து, இரத்தம் காணாது, மீனோ இறைச்சியோ முட்டையோ சாப்பிட வேண்டும், தாய் சாப்பிடுவதுதான் பிள்ளைக்குப் போகும் என்று திட்டுவார். எதை வாங்கிச் சாப்பிடுவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கரையோரம் விட்டிருந்த வலையில் ஒரு ஆமை சிக்கிச் செத்துக் கிடந்தது. வலை என் கணவரின் அண்ணனுடையது. ஆமையைப் பிடிப்பதும் குற்றம், வெட்டுவதும் குற்றம், தின்பதும் குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். தானாகச் செத்ததைப் புதைப்பானேன் என்று எங்கள் ஒழுங்கையில் வரிசையாக இருந்த ஆறு வீட்டுக்கும் பங்கு போட்டார்கள்.

சில ஆமையில் நஞ்சு இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு எங்களிடம் ஒரு சோதனை இருந்தது. ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் காகத்துக்கு எறிவார்கள். காகம் தின்றால் நாமும் தின்னலாம். அன்றைக்குக் காற்று ஆளையே தள்ளியது. ஒரு காகம் வந்து துண்டைக் கொத்தித் தூக்கிக்கொண்டு தென்னைகளுக்கு மேலே சரிந்து பறந்தது. “எடுத்திட்டுது, இனிப் பயமில்ல” என்றார் அண்ணன். காகம் தூக்கியதை எல்லோரும் பார்த்தோம். தின்றதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு ஆசை.

நான்தான் சமைத்தேன். மிளகாய்த்தூள் தாராளமாகப் போட்டு, பச்சைக் கொழுப்பு உருகி மிதக்கிற கறி. எல்லோரையும்விட இரண்டு துண்டு கூடச் சாப்பிட்டேன். பிள்ளைக்குத்தானே என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த நாள் ஒழுங்கையில் நான்கு பேருக்கு வாந்தி. தொண்டை எரிகிறது, விழுங்க முடியவில்லை என்றார்கள். ஆட்டோவில் ஏற்றும்போதே அண்ணன் ஒவ்வொருவரிடமும் சொன்னார்: “மீன் எண்டு சொல்லுங்க. வேற ஒரு கதையும் கதைக்க வேணாம்.” சண்டை முடிந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் காட்டிய காலம் முடிந்தது என்றார்கள், பயம் முடியவில்லை. ஒருவன் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் வள்ளமும் இயந்திரமும் போய்விடும் என்று நம்பினோம். எனக்கு நாக்கில் இரண்டு புண்ணும் தொண்டையில் ஒரு கரகரப்பும்தான். பிள்ளை கண் திறக்கவில்லை என்று நான் செவ்வாய்க்கிழமை காலை அவளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது, அண்ணன் என் கணவரைப் பார்த்துக்கொண்டே எனக்கும் அதையே சொன்னார். பிள்ளை ஆமை தின்னவில்லையே, அதைப் பற்றி நான் ஏன் பேசப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்த அறிவீனத்துக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

பத்து மணிபோல டொக்டர் மறுபடி வந்தார். பெரியவர்களின் வார்ட்டில் அதே ஒழுங்கை ஆட்கள் நான்கு பேர் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன மீன் என்று கேட்டார்.

“கீரி மீன்.”

தாதி அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “இந்தக் காத்துல கீரி மீன் எங்கால தங்கச்சி?”

நான் குனிந்துகொண்டேன். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் தாதி கட்டிலோரம் உட்கார்ந்தார். “நான் மன்னார்ல பொறந்தவ. எங்கட வாப்பாவும் கடலுக்குப் போனவர்தான். கரையில உள்ளவங்க எதை மறைப்பாங்க எண்டு எனக்குத் தெரியும். ஆனா கண்ணால காணாதத நான் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும்.”

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வள்ளம் கண் முன்னால் நின்றது, கணவரைக் கூட்டிக்கொண்டு போகிற பொலிஸ் ஜீப் நின்றது. “மீன்தான் மிஸ்” என்றேன். அவர் எழுந்து போனார். நான் என்ன செய்தேன்? பிள்ளை பலவீனமாக இருக்கிறாளே, பால் உள்ளே போனால் தெம்பு வரும் என்று மறுபடி மார்பில் வைத்தேன். அவள் குடிக்கவில்லை. மார்பை அழுத்தி அவள் வாய்க்குள் நானே பீய்ச்சிவிட்டேன். விழுங்கு, விழுங்கு என்று கெஞ்சினேன். கொஞ்சம் விழுங்கினாள். மீதி கடைவாயால் வழிந்து என் சட்டையை நனைத்தது. அதற்குப் பிறகு அவள் மூச்சு விடுவது எனக்குத் தெரியவில்லை.

“ஆமை!” என்று கத்தினேன். “ஆமை திண்டோம்! நான்தான் சமைச்சேன்! மிஸ், ஓடி வாங்க!”

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டொக்டர் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கினார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சு இருந்தது. பிறகு, தன்னிடம் இருந்த கொஞ்சத் தமிழில் அவரே நேராகக் கேட்டார். “கடைசி பால், எப்ப?”

“இப்பதான்” என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். தாதியிடம் ஏதோ சொன்னார். தாதி என் தோளில் கை வைத்தார். “யா அல்லாஹ், இத எப்பிடிச் சொல்ல... தங்கச்சி, நீங்க திண்ட நஞ்சு உங்கட பால்லதான் புள்ளைக்குப் போகுது. இனி குடுக்க வேணாம். ஒரு சொட்டும் வேணாம்.”

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். என் பாலைப் பீய்ச்சிக் கழுவும் தொட்டியில் ஊற்றச் சொன்னார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஊற்றினேன்.

மத்தியானம் கணவர் வந்தார். வார்ட் வாசலில் நின்றபடி, குரலைத் தாழ்த்தி, “சொல்லிட்டியா?” என்றார்.

“ஓம்.”

அதன் பிறகுதான் “பிள்ளை?” என்றார்.

அந்த வரிசைக்காக அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கே வெட்கமாக வந்தது. அவர் வாயால் கேட்டதைத்தான் நான் காலை முழுவதும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு செய்தேன். வள்ளம் முதலில், பிள்ளை பிறகு. பொலிஸ் வரவே இல்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒழுங்கையில் நின்று ஏசிவிட்டுப் போனார், அவ்வளவுதான். வாந்தி எடுத்த நான்கு பேரும் வீடு திரும்பினார்கள், திரும்பி வந்து என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள்.

ஐந்தாம் நாள் காலை மகள் கண்ணைத் திறந்தாள். குழாயைக் கழற்றியிருந்தார்கள். நான் தூக்கியதும் என் மணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை என் நெஞ்சுப் பக்கம் திருப்பி, வாயைத் திறந்து தேடினாள். என் சட்டை பாலில் நனைந்தது, ஆனால் கொடுக்க இன்னும் தடை இருந்தது. கிடைக்காததும் வீறிட்டு அழுதாள். எத்தனை நாளாக அந்த அழுகையைக் கேட்கத் தவித்தேனோ, அது வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அவளைக் கணவர் கையில் கொடுத்து, பால்மாக் கோப்பையையும் கரண்டியையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அவளுக்கு என் மணம் எட்டாத தூரத்துக்குப் போய் நின்றேன்.