மீடியம் மாற்றியாகிவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை காலை கௌசல்யாவின் கணவர் போன் செய்தார். "மேடம், கௌசல்யா போயிட்டா. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி வாசல்லயே..." நான் சொன்னது இதுதான்: "ஐயோ, நேத்து மீடியம் மாத்திட்டாங்களா?"

"தெரியலீங்களே மேடம்" என்றார், தெரியாமல் போனதற்கு வருத்தப்படுகிறவர் போல.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில், ஆய்வகத்தில் கௌசல்யாவோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிடுங்கிய ஞானப்பல்லை உடைத்து, உள்ளே இருக்கும் கூழை எடுத்து, அதன் செல்களைத் தட்டில் வளர்ப்போம். பல் சொத்தையாகும்போது உடம்பு சுரக்கும், வீக்கம் உண்டாக்கும் அழற்சிப் பொருள்களை அவற்றின்மேல் விட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்போம். மீடியம் என்பது அந்தச் செல்களுக்குச் சாப்பாடு. நாள் தவறினால் அத்தனை உழைப்பும் வீண். அந்த வாரம் கௌசல்யாவின் முறை. புரியும் என்றுதான் சொல்கிறேன், மன்னியுங்கள் என்று கேட்கவில்லை.

ஒருமுறை, அழற்சிப் பொருள் விட்ட தட்டில் செல்கள் சாகாமல் சுண்ணாம்புப் புள்ளிகளாகக் கட்டியிருந்தன. எங்கோ கை தவறியிருக்கிறது, கொட்டிவிடலாம் என்றேன். கௌசல்யா தட்டைப் பிடுங்கிக்கொண்டார். "வீக்கம்னாலே பகையா? கொஞ்ச நேரம் தொட்டா செல்லு தன்னைக் காப்பாத்திக்க சுண்ணாம்புச் சுவர் எழுப்பப் பார்க்கும். விடாம தொட்டுட்டே இருந்தாத்தான் கையை விரிச்சிடும். இருங்க, அவசரப்படாதீங்க." மறுபடி செய்து பார்த்தோம். அவர் சொன்னபடிதான் வந்தது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, அதைப் பிறகு யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

இன்னொரு நாள், பெங்களூர் சிவாஜிநகர் துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் ஞானப்பல் எடுக்க வந்திருந்தாள். நான் ஐஸ் டப்பாவோடு கதவருகே நின்றேன். கூழ் சூடாகிவிடக்கூடாது. கௌசல்யாவோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "உங்களுக்கு மனுசங்க வாயைத் திறந்தா பல்லு மட்டும்தான் தெரியுது மேடம்" என்றார். கேலிதான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நேராகச் சாவு வீட்டுக்குப் போகவில்லை. முதலில் ஆய்வகத்துக்குத்தான் போனேன். செல் தட்டுகளை வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்து பார்த்தேன். பழைய மீடியம் என்றால் மஞ்சளாகியிருக்கும். எல்லாத் தட்டிலும் புது மீடியம் நல்ல சிவப்பாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. உடனே என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

நீலசந்திராவில் அவர்கள் வீட்டு முன்னால், தெருவை அடைத்துப் போட்ட பந்தலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் கௌசல்யா படுத்திருந்தார். கணவர் எழுந்து என்னிடம் வந்தார். "நீங்க போன்ல கேட்டதிலிருந்து எனக்கும் அதே ரோசனை மேடம். அவ வளர்த்ததாச்சே. நல்லாயிருக்கா எல்லாம்?"

அந்தப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்லாயிருக்குங்க, உயிரோட இருக்கு" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. மச்சினரைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, போறதுக்கு முந்தின நாள்கூட வேலையைக் குறை வெக்கல. மேடமே சொல்றாங்க" என்றார். பிறகு எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

நீங்கள் ஒவ்வொருவரும் கௌசல்யாவின் சிரிப்பையோ பொறுமையையோ நினைவில் வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெட்கம். அவர் கணவர் என்னை மன்னிக்கக்கூட வழியில்லை. நான் தப்பாக எதுவும் கேட்டதாக அவர் நினைக்கவே இல்லை.